ஈரல் மாற்றுக்குப் பின் பித்தக்கான் ஒடுங்கினால்: வாசகர் கேள்விகளும் வைத்தியர் பதில்களும்

ஈரல் மாற்றுச் சத்திரசிகிச்சை செய்துகொண்டு வன்னிக்குத் திரும்பி வாழ்பவர்கள் எண்ணிக்கையில் அதிகம் இல்லை. ஆயினும் அவர்களிடமிருந்தும் அவர்களைப் பராமரிக்கும் குடும்பத்தினரிடமிருந்தும் வந்த கடிதங்கள் பெரும்பாலும் ஒரே சிக்கலைப் பற்றியவையாக இருந்ததனால், இந்த இதழின் பக்கங்களை முழுவதும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம். கடிதங்கள் சுருக்கப்பட்டுள்ளன, பெயர்கள் தவிர்க்கப்பட்டுள்ளன.

கேள்வி: என் கணவருக்கு வயது 47. ஈரல் சிரோசிஸ் முற்றியதால் கடந்த ஆண்டு சென்னையில் அவருடைய தம்பியின் ஈரலில் ஒரு பகுதியை எடுத்து வைத்தார்கள். ஏழு மாதம் நன்றாக இருந்தார். இப்போது உடம்பெல்லாம் கடி; இரவில் நித்திரை இல்லை. வயிற்று நோவு இல்லை, கண்ணும் மஞ்சளாகவில்லை. ஆனால் பித்தக்கான் ஒடுங்கிவிட்டது, வாய் வழியாகக் குழாய் விட்டு, கானைத் திறந்து வைத்திருக்கும் ஸ்டென்ட் என்ற சிறு குழாயை வைக்க வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதை மாற்ற வேண்டும் என்கிறார்கள். ஒரே தடவையில் முடிக்கக்கூடாதா? புது ஈரல் பழுதாகிவிட்டதா? தம்பி கொடுத்தது வீணாகிவிட்டதா?
— வாசகி, புதுக்குடியிருப்பு

பதில்: கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். நீங்கள் எழுதியவற்றை வைத்துப் பார்க்கும்போது ஈரல் பழுதானதாகத் தெரியவில்லை. ஈரலில் சுரக்கும் பித்தம் குடலுக்கு இறங்கும் வழி, தையல் போட்ட இடத்தில் ஒடுங்கியிருக்கிறது. ஈரலை மாற்றும்போது இதயத்துக்குக் குருதி திரும்பும் நாளம், குடலிலிருந்து குருதி கொண்டுவரும் ஈரல்வாயி நாளம், ஈரல்நாடி, பித்தக்கான் என நான்கையும் பொருத்த வேண்டும். இவற்றுள் கடைசி இணைப்பே பிற்காலத்தில் அதிகம் தொல்லை தருவது. 1963 இல் அமெரிக்காவின் டென்வர் நகரில் தோமஸ் ஸ்டார்ஸ்ல் மனிதரில் முதன்முதலாக ஈரல் மாற்றிய காலத்துக்குப் பின்னர் மருந்துகளும் தையல் முறைகளும் எவ்வளவோ முன்னேறியும், இந்த ஒரு தொல்லை முற்றாக ஒழியவில்லை.

அதற்குக் காரணம் உண்டு. ஈரலின் திசுக்களுக்கு ஈரல்நாடி, ஈரல்வாயி நாளம் என இரு வழிகளில் குருதி வருகிறது. பித்தக்கானுக்கு ஈரல்நாடியின் நுண்கிளைகளே ஆதாரம். தானம் கொடுப்பவரின் உடலிலிருந்து ஈரலைப் பிரிக்கும்போது அந்த நுண்கிளைகளில் சில அறுபடுவதைத் தவிர்க்க முடியாது. குருதி குறைந்த கானின் நுனி ஆறும்போது தழும்பு உண்டாகி, அது மெல்லச் சுருங்குகிறது. உயிரோடிருப்பவர் கொடுக்கும் ஈரற் பகுதியில் கானின் அகலமே சில மில்லிமீற்றர்தான். சிலரில் ஒரு கானுக்குப் பதிலாக இரண்டு வெளிப்படும், இரண்டையும் தனித்தனியே பொருத்த வேண்டியிருக்கும். எனவேதான், மூளைச்சாவடைந்தவரின் முழு ஈரலைப் பெற்றவர்களில் 100 பேருக்கு 5 முதல் 15 பேர் வரை காணப்படும் இந்த ஒடுக்கம், உயிருள்ளவரின் ஈரலைப் பெற்றவர்களில் 100க்கு 30 பேர் அளவுக்குக்கூட வருகிறது. பெரும்பாலும் முதல் ஆண்டுக்குள்ளேயே அது தலைகாட்டும். உங்கள் கணவருக்கு ஏழாம் மாதத்தில் வந்திருப்பது வழமைக்கு மாறானதன்று; அவரோ நீங்களோ செய்த எந்தத் தவறும் அதற்குக் காரணமன்று.

நோவு இல்லாததைக் கண்டு ஏமாற வேண்டாம். ஈரலைப் பிரித்தெடுக்கும்போது அதற்குச் செல்லும் நரம்புகளும் அறுபடுவதால், மற்றவர்களுக்குக் கடுமையான நோவைத் தரக்கூடிய பித்த அடைப்பு, ஈரல் மாற்றியவரில் சத்தமின்றி வரலாம். கண் மஞ்சளாவதற்குப் பல வாரங்களுக்கு முன்னரே உடற்கடி தொடங்கலாம். அதற்கும் முன்னர், குருதியில் அல்கலைன் பொஸ்பற்றேஸ், காமா ஜீ.ரீ. என்ற இரண்டு நொதியங்கள் மட்டும் ஏறிக்கொண்டிருக்கும். ஒழுங்காகக் குருதி கொடுத்துவந்தபடியால்தான் இது இப்போதே அகப்பட்டிருக்கிறது.

இதே நொதியங்கள், உடல் புதிய ஈரலை ஏற்க மறுக்கும்போதும் ஏறும் என்பதை நீங்கள் அறிந்திருப்பது நல்லது. ஏற்க மறுத்தலுக்கு, உடலின் எதிர்ப்பை அடக்கும் ஸ்ரெரோயிட் மருந்தின் அளவைக் கூட்டுவார்கள். பித்தக்கான் அடைத்துக் கிருமி தொற்றியிருக்கும் ஒருவருக்கு அதே மருந்தைக் கூட்டினால் தொற்று பெருகும். ஆகவே எது என்று தீர்மானித்த பின்னரே கைவைக்க வேண்டும். சாதாரண அல்ட்ராசவுண்ட் ஸ்கானில் கான் விரிந்திருப்பது தெரியாமலும் போகலாம். மாற்றிய ஈரலில் அடைப்பு இருந்தும் கான்கள் விரியாமல் இருப்பது அடிக்கடி காணப்படுவது. எம்.ஆர்.சி.பி. எனப்படும் காந்த அதிர்வு ஸ்கானே பித்தக்கானின் படத்தைத் தெளிவாகக் காட்டும். டொப்லர் ஸ்கானில் ஈரல்நாடியில் குருதி ஓடுகிறதா என்று பார்ப்பதும் கட்டாயம். ஐயம் நீடித்தால் ஈரலில் ஊசியிட்டுச் சிறு துணுக்கு எடுத்துப் பரிசோதிப்பார்கள். இவற்றுள் எவை செய்யப்பட்டன, முடிவு என்ன என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இனிச் சிகிச்சை. ஈ.ஆர்.சி.பி. என்ற இந்த முறையில், பக்கவாட்டில் பார்க்கும் கமரா பொருத்திய வளையக்கூடிய குழாயை வாய் வழியாக, இரைப்பையைக் கடந்து, முன்சிறுகுடல் வரை செலுத்துகிறார்கள். அங்கே பித்தக்கான் திறக்கும் சிறு வாயை மின்கத்தியால் சற்று வெட்டிப் பெருப்பித்து, மெல்லிய கம்பி ஒன்றை ஒடுங்கிய இடத்தினூடாக மேலே அனுப்புவார்கள். இந்தக் கம்பி கடப்பதிலேதான் முழுத் திறமையும் இருக்கிறது. மற்றவை அதன் மேல் ஏறிச் செல்பவை. கம்பியின் மேல் ஒரு பலூனை அனுப்பி, ஒடுங்கிய இடத்தில் 4 முதல் 10 மில்லிமீற்றர் வரை, கானின் அளவைப் பொறுத்து, ஊதி விரிப்பார்கள். பின்பு அந்த இடத்தில் பிளாஸ்ரிக் ஸ்டென்ட்டை வைப்பார்கள். எல்லாவற்றையும் எக்ஸ்ரே திரையில் பார்த்தபடியே செய்வார்கள். வயிற்றில் வெட்டு இல்லை, தையல் இல்லை. பித்தக்கானின் வாயை வெட்டும் இந்த முறை 1974 இல் ஜேர்மனியிலும் யப்பானிலும் அறிமுகமானது; அதற்கு முன்னர் இப்படிப்பட்ட ஒருவருக்கு வயிற்றை மீண்டும் திறப்பதைத் தவிர வழி மிகக் குறைவாகவே இருந்தது.

ஒரே தடவையில் முடிக்கக்கூடாதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். சத்திரசிகிச்சைக்குப் பின் முதல் ஓரிரு மாதங்களுக்குள், வீக்கத்தினால் மட்டும் வரும் ஒடுக்கம் சிலருக்கு ஒரு தடவையிலேயே சரியாகிவிடும். உங்கள் கணவருடையது ஏழாம் மாதத்தில் வந்த தழும்பு. பலூனால் விரித்து அப்படியே விட்டுவிட்டால் தழும்பு திரும்பச் சுருங்கும். விரித்த நிலையில் நீண்ட காலம் பிடித்து வைத்தால்தான் அது அந்த அளவிலேயே படியும். எங்கள் பாட்டிமார் காதுத் துளையைப் பெருப்பிக்கப் பனையோலைச் சுருளை வைத்து, சில வாரங்களின் பின் அதைவிடப் பெரிய சுருளை வைத்து, அவசரமின்றிப் பெருப்பித்ததைப் போன்றதுதான் இதுவும். முதல் தடவை ஒரு ஸ்டென்ட். அடுத்த தடவை இரண்டு. அதற்கடுத்து இடமிருந்தால் மூன்று. வழக்கமாகப் பயன்படும் பிளாஸ்ரிக் ஸ்டென்ட் 3.3 மில்லிமீற்றர் பருமன் கொண்டது என்பதால், பக்கம் பக்கமாக அவற்றைக் கூட்டினால்தான் போதிய அகலம் கிடைக்கும். மொத்தம் ஏறத்தாழ ஓராண்டு. இப்படிப் பொறுமையாகச் செய்து முடித்தவர்களில், தையல் இடத்தில் மட்டும் ஒடுக்கம் உள்ளோருக்கு, பெரும்பான்மை மையங்களில் 100க்கு 70க்கு மேற்பட்டோர், பல மையங்களில் 80 முதல் 90 வரையானோர் குணமடைகின்றனர்.

மூன்று மாதம் என்ற கணக்கு வைத்தியர்களின் வசதிக்காக வைத்ததன்று. பிளாஸ்ரிக் ஸ்டென்ட்டின் உட்புறத்தில் பற்றீரியாக்கள் படலமாகப் படிந்து, அதில் பித்தச் சகதி ஒட்டி, ஏறக்குறைய அந்தக் காலத்தில் அது அடைபடத் தொடங்குகிறது. திகதியைத் தவறவிட்டவருக்கு ஸ்டென்ட் இல்லாதிருந்த நிலையைவிட மோசமான நிலை வரலாம். இதை நான் சற்று அழுத்தியே சொல்வதற்குக் காரணம், மிக நுட்பமான சிகிச்சையைச் செய்துகொண்ட ஒருவர், உடல் நன்றாக இருக்கிறதே என்ற எண்ணத்தில் அடுத்த திகதியை விதைப்பு முடியட்டும், பிள்ளையின் சோதனை முடியட்டும் எனத் தள்ளிப்போடுவதுதான் இந்தச் சிகிச்சையில் மிகவும் வருந்தத்தக்க தோல்வி என்பதே.

ஆண்டு முழுவதும் சென்னைக்குப் போய்வர முடியாது என்றால் அதை மறைக்காமல் அங்குள்ள வைத்தியர்களிடம் சொல்லுங்கள். முதல் தடவையை அவர்கள் செய்தபின், ஸ்டென்ட் மாற்றுவதை இலங்கையில் செய்ய ஏற்பாடு செய்ய முடியுமா என்று கேட்கலாம். கொழும்பு, ராகமை, கண்டி ஆகிய இடங்களிலுள்ள பெரிய அரச போதனா வைத்தியசாலைகளில் ஈ.ஆர்.சி.பி. செய்யப்படுகிறது, ராகமையில் ஈரல் மாற்றுச் சிகிச்சையும் நடைபெறுகிறது. கிளிநொச்சி அல்லது முல்லைத்தீவு மாவட்டப் பொது வைத்தியசாலையின் மருத்துவ கிளினிக் ஊடாக அங்கே அனுப்பும் கடிதம் பெறலாம். ஆனால் எம்.ஆர்.சி.பி. படங்களும், ஈ.ஆர்.சி.பி. செய்தபோது எடுத்த எக்ஸ்ரே படங்களும், எத்தனை ஸ்டென்ட் எந்தக் கானில் வைக்கப்பட்டது என்ற அறிக்கையும் இல்லாமல் புதிய வைத்தியர் ஒருவர் இருட்டிலேயே தொடங்க வேண்டியிருக்கும். அறிக்கையைக் கைத்தொலைபேசியில் படமெடுத்து வைத்தால் மட்டும் போதாது, தாளாகவும் வைத்திருங்கள்.

கேள்வி: உலோக ஸ்டென்ட் வைத்தால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போகத் தேவையில்லை என்று உறவினர் ஒருவர் சொல்கிறார். அது உண்மையானால் எல்லோருக்கும் ஏன் அதை வைப்பதில்லை?
— வாசகர், கிளிநொச்சி

பதில்: உறவினர் சொன்னது பொய்யன்று. முழுவதும் மென்படலத்தால் மூடப்பட்ட, தானாக விரியும் உலோக ஸ்டென்ட் ஒன்று உள்ளே சென்றபின் 8 அல்லது 10 மில்லிமீற்றர் வரை விரிந்துகொள்ளும். மூன்று பிளாஸ்ரிக் ஸ்டென்ட்கள் சேர்ந்து செய்யும் வேலையை அது தனியே செய்யும். பல மாதங்கள் வைத்திருந்து பின் எடுத்துவிடலாம். 2016 இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், புற்றுநோயால் அல்லாத பித்தக்கான் ஒடுக்கம் உள்ள 112 பேரில் இரண்டு முறைகளும் ஒப்பிடப்பட்டன. அவர்களுள் பெரும்பாலோர் ஈரல் மாற்றியவர்கள். ஓராண்டு முடிவில் உலோக ஸ்டென்ட் பெற்றோரில் 100க்கு சுமார் 93 பேருக்கும், பிளாஸ்ரிக் பெற்றோரில் சுமார் 85 பேருக்கும் ஒடுக்கம் நீங்கியிருந்தது. வேறுபாட்டை விட முக்கியமானது, அதற்குத் தேவைப்பட்ட ஈ.ஆர்.சி.பி. எண்ணிக்கை: முன்னவர்களுக்குச் சராசரியாக இரண்டைச் சற்றுத் தாண்டியது, பின்னவர்களுக்கு மூன்றுக்கு மேல்.

ஆனால் அந்த ஆய்வில் பித்தக்கான் 6 மில்லிமீற்றருக்குக் குறைவாக இருந்தவர்கள் சேர்க்கப்படவில்லை. உயிருள்ளவரிடமிருந்து ஈரல் பெற்றோரில் கான் பெரும்பாலும் அதைவிடச் சிறியது. இணைப்பும் ஈரலுக்கு மிக நெருக்கமாக இருக்கும். அங்கே அகலமான, மூடிய உலோகக் குழாயை வைத்தால் பக்கத்திலிருந்து வந்து சேரும் கிளைக்கானின் வாயை அது அடைத்துவிடக்கூடும். இதற்காகவே நடுவில் ஒடுங்கிய, எடுப்பதற்கு வசதியாக நூல் பொருத்திய குறுகிய உலோக ஸ்டென்ட்களைச் செய்திருக்கிறார்கள். அவை எல்லா இடங்களிலும் கிடைப்பதில்லை, விலையும் அதிகம். உலோக ஸ்டென்ட் இடம் நழுவுவதும் அடிக்கடி நடப்பது. எனவே இது பணம் உள்ளவருக்கு உலோகம், இல்லாதவருக்குப் பிளாஸ்ரிக் என்ற கணக்கன்று. உங்கள் கானின் படத்தைப் பார்க்காமல் எவரும், நானும்தான், எது நல்லது என்று சொல்ல முடியாது.

கேள்வி: ஈரல் மாற்றிய என் தகப்பனாருக்கு இரண்டு பிளாஸ்ரிக் ஸ்டென்ட்கள் வைக்கப்பட்டுள்ளன. காலபோக அறுவடைக் காலத்தில் நடுக்கத்துடன் காய்ச்சல் வந்தது. எலிக்காய்ச்சலாக இருக்கலாம் என்று அயலவர்கள் சொன்னதால் இரண்டு நாள் பனடோல் கொடுத்துப் பார்த்தோம். பின்னர் வைத்தியசாலைக்குக் கொண்டு போனபோது தாமதித்துவிட்டீர்கள் என்று ஏசினார்கள். இப்போது சுகம். இனி எப்படி அடையாளம் காண்பது? வயலில் இறங்குவோருக்குக் கொடுக்கும் எலிக்காய்ச்சல் தடுப்பு மாத்திரையை அவர் எடுக்கலாமா?
— வாசகர், ஒட்டுசுட்டான்

பதில்: அயலவர்களைக் குறைகூற மாட்டேன். வயல் வேலைக் காலத்தில் வன்னியில் காய்ச்சல் என்றால் எலிக்காய்ச்சலையும் டெங்குவையும் நினைப்பது நியாயமானது. எலிக்காய்ச்சலிலும் கண் மஞ்சளாகும், சலம் நிறம் மாறும். ஆனால் உங்கள் தகப்பனாருக்கு நினைக்க வேண்டிய ஒழுங்கு வேறு. பித்தக்கானில் ஸ்டென்ட் உள்ளவருக்கு வரும் காய்ச்சல், வேறு காரணம் நிரூபிக்கப்படும் வரை, அடைபட்ட கானில் தொற்றிய கிருமியினால் வந்தது என்றே கொள்ளப்பட வேண்டும். அவர் உட்கொள்ளும் டக்ரோலிமஸ், ஸ்ரெரோயிட் போன்ற மருந்துகள் உடலின் எதிர்ப்பை அடக்கி வைத்திருப்பதால், பித்தக்கான் தொற்று சில மணி நேரத்தில் குருதியில் பரவிவிடலாம். அதே மருந்துகள் காய்ச்சலின் உச்சத்தையும் மறைக்கும். 38 பாகை செல்சியஸ் அவருக்குச் சிறு காய்ச்சல் என்று கணக்கிட முடியாது. காய்ச்சலே இல்லாமல் நடுக்கம், உணவில் வெறுப்பு, குழப்பமான பேச்சு, குருதி அமுக்கம் இறங்குதல் என்பவற்றோடு மட்டும் அது வரக்கூடும்.

எனவே வீட்டில் வைத்து வித்தியாசம் கண்டுபிடிக்க முயலவே வேண்டாம். கெண்டைக்கால் நோவு, கண் சிவத்தல், சலம் குறைதல் என்பவை எலிக்காய்ச்சலை நினைக்க வைக்கும் என்றாலும், இரண்டையும் பிரித்தறிவது வைத்தியசாலையின் வேலை. அங்கும் இரண்டுக்குமான பரிசோதனைகளை ஒரே நேரத்தில் தொடங்கி, முடிவு வரும் முன்னரே நாளத்தின் வழியாக நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைத் தொடங்குவார்கள். நடுக்கம் வந்த அன்றே, இரவானாலும், 1990 அம்புலன்ஸை அழைத்து மாவட்டப் பொது வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். அனுமதிக்கும் வைத்தியரிடம் முதல் வாக்கியமாகச் சொல்ல வேண்டியது: ‘இவர் ஈரல் மாற்றியவர், பித்தக்கானில் ஸ்டென்ட் இருக்கிறது, வைத்த திகதி இது.’ காய்ச்சல் என்று மட்டும் சொன்னால் அவர் மற்றக் காய்ச்சற்காரரோடு வரிசையில் நிற்க வேண்டி வரலாம். மருந்தினால் காய்ச்சல் தணிந்துவிட்டது என்பதற்காக வீடு திரும்பிவிடவும் கூடாது. அடைபட்ட ஸ்டென்ட்டை மாற்றாவிட்டால், மருந்து முடிந்த சில நாட்களில் அதே காய்ச்சல் திரும்ப வரும்.

வயலில் இறங்குவோருக்கு எலிக்காய்ச்சலைத் தடுக்கச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை ஊடாகக் கொடுக்கப்படும் டொக்சிசைக்கிளின் மாத்திரையைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். உங்கள் தகப்பனார் சேற்றில் இறங்காமலிருப்பதே என் விருப்பம். இறங்கியே ஆக வேண்டுமானால், ஈரல் மாற்று கிளினிக்கில் சொல்லி அனுமதி பெற்ற பின்னரே அதை எடுக்க வேண்டும். வேறெந்த நோய்க்கு மருந்து எழுதும் வைத்தியரிடமும் டக்ரோலிமஸ் எடுப்பதைக் கூற வேண்டும். கிளரித்ரோமைசின், புளுகோனசோல் போன்றவை குருதியில் டக்ரோலிமஸின் அளவை ஏற்றிச் சிறுநீரகத்தைப் பாதிக்கும். காசநோய்க்குக் கொடுக்கும் ரிபாம்பிசின் அதை இறக்கி, உடல் ஈரலை ஏற்க மறுக்க இடமளிக்கும்.

கேள்வி: செங்கண்மாரிக்குக் கீழ்க்காய்நெல்லி கொடுப்பது எங்கள் ஊர் வழக்கம். ஈரல் மாற்றிய என் அக்காவுக்கு மறுபடி கண் மஞ்சளாகியுள்ளது. பரியாரியாரிடம் காட்டிவிட்டு ஈ.ஆர்.சி.பி.க்குப் போகலாமா?
— வாசகி, நெடுங்கேணி

பதில்: பரியாரியாரிடம் போய்த் தாமதிக்க வேண்டாம். வழி அடைபட்டதால் தேங்கும் பித்தத்தை எந்த இலையும் இறக்காது. வைத்தியசாலையில் கொடுக்கப்படும் அர்சோடியொக்சிகோலிக் அமில மாத்திரை கூட ஒடுக்கத்தை விரிப்பதில்லை, அதை நான் இங்கே ஒளிக்காமல் சொல்ல வேண்டும். மூலிகைச் சாறு டக்ரோலிமஸின் அளவை எப்படி மாற்றும் என்பதை அளந்து சொல்லவும் இயலாது. பம்பளிமாசு, கிரேப்புருட் ஆகிய பழங்கள் அந்த அளவை ஏற்றும் என்பது நன்கு அறியப்பட்டது. அவற்றைத் தவிர்க்க வேண்டும். கள்ளும் சாராயமும் எவ்வளவு சிறிதாயினும் ஆகாது.

அடைப்பு நீடித்திருக்கும் நாட்களில் கொழுப்பு செமிக்காது. கொழுப்போடு உறிஞ்சப்படும் விற்றமின் ஏ, டி, ஈ, கே ஆகியன குறையும். கே குறைந்தால் குருதி உறையத் தாமதிக்கும் என்பதால், ஈ.ஆர்.சி.பி.க்கு முன் உறைதல் பரிசோதனை செய்து, வேண்டுமானால் ஊசி போடுவார்கள். இதற்காக அக்காவுக்குச் சோறு தவிர வேறொன்றும் கொடுக்காமல் பத்தியம் காக்காதீர்கள். மீன், முட்டை, பருப்பு எல்லாம் நன்றாக வேகவைத்துக் கொடுக்கலாம். கிணற்று நீரைக் கொதிக்கவைத்தே கொடுங்கள்.

கேள்வி: ஈ.ஆர்.சி.பி. செய்யும் நாளில் என்ன நடக்கும்? ஆபத்து உண்டா?
— வாசகர், வவுனியா

பதில்: முதல் நாள் இரவிலிருந்தே, குறைந்தது ஆறு முதல் எட்டு மணி நேரம், வெறும் வயிறாக இருக்க வேண்டும். காலை டக்ரோலிமஸை ஒரு வாய் தண்ணீருடன் எடுப்பதா என்பதை முன்கூட்டியே கேட்டுவையுங்கள். அன்று மருந்தின் அளவைப் பார்க்கக் குருதி எடுப்பதாயின், எடுத்த பின்னரே மாத்திரை. ஈரல்நாடியில் குருதி உறையாதிருக்க அஸ்பிரின் எடுப்பவர்கள் அதைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது. மயக்க மருந்து அல்லது ஆழ்ந்த தூக்க மருந்து கொடுக்கப்படுவதால் குழாய் இறங்குவது தெரியாது. தொற்றைத் தடுக்க நுண்ணுயிர்க்கொல்லி ஊசியும் கொடுப்பார்கள்.

ஆபத்து உண்டு. பித்தக்கானும் சதையியின் கானும் ஒரே வாயில் திறப்பதால், ஈ.ஆர்.சி.பி. செய்வோரில் 100க்கு 3 முதல் 10 பேர் வரை சதையி அழற்சிக்கு ஆளாகின்றனர். பெரும்பாலும் சில நாட்களில் தணிந்துவிடும், அரிதாகக் கடுமையாகும். இதைக் குறைக்க மலவாசல் வழியாக இண்டோமெதசின் அல்லது டைக்குளோபெனக் மருந்து வைப்பது 2012 இல் வெளியான பெரிய ஆய்வொன்றுக்குப் பின் பரவலான வழக்கமாயிற்று. ஆனால் டக்ரோலிமஸ் எடுப்பவரின் சிறுநீரகத்துக்கு இவ்வகை மருந்துகள் ஒத்துக்கொள்ளாமற் போகலாம் என்பதால், அந்த முடிவை வைத்தியரே எடுக்க வேண்டும். வெட்டிய இடத்தில் குருதிக் கசிவு அன்றே வராமல் சில நாட்கள் கழித்தும் வரலாம். மலம் தார் போலக் கறுத்தால் அதுவே அறிகுறி. குடல் துளைபடுவது மிக அரிது. இவற்றை நினைத்து, மறுநாளே கொழும்பிலிருந்து இரவுப் பேருந்தில் ஏறிவிடாமல், இயன்றால் ஓரிரு நாட்கள் வைத்தியசாலைக்கு அண்மையில் தங்குங்கள்.

கேள்வி: பிறவியிலேயே பித்தக்கான் இல்லாத எங்கள் மகளுக்கு இந்தியாவில் ஈரல் மாற்றினோம். இப்போது ஒடுக்கம் என்கிறார்கள். ஆனால் வாய் வழியாகச் செய்ய முடியாது, தோல் வழியாகவே குழாய் விட வேண்டும் என்கிறார்கள். ஏன் இந்த வேறுபாடு?
— பெற்றோர், மல்லாவி

பதில்: மகளுக்கு இணைப்பதற்குச் சொந்தப் பித்தக்கான் இல்லை, எனவே புதிய ஈரலின் கானை நேரடியாகச் சிறுகுடலின் ஒரு வளையத்தில் பொருத்தியிருப்பார்கள். சாதாரண குழாய் அந்த வளையம் வரை எட்டாது. பலூன் பொருத்திய நீண்ட குழாயால் எட்டும் மையங்கள் உள்ளன. சிறு பிள்ளைகளில் அது இலகுவன்று. கதிரியக்கப் பிரிவு நிபுணர் ஸ்கானைப் பார்த்தபடி தோலிலிருந்து ஈரலுக்குள் ஊசியிட்டு, மேலிருந்து கம்பியை இறக்கி, அதே பலூன் விரிப்பைச் செய்து, ஒரு குழாயைத் தோல் வழியாக விட்டுவைப்பார். வெளியே தொங்கும் குழாய் பார்க்கச் சங்கடமானதுதான். குழாய் இழுபடாமலும் சுற்றுத் தோல் ஈரமாகாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். வாய் வழியாகச் செய்யக்கூடிய பெரியவர்களிலும் கம்பி கீழிருந்து கடக்க மறுத்தால் இந்த மேல்வழியின் துணையை நாடுவதுண்டு. இரண்டு வழியும் கைகொடுக்காதபோதே கானைக் குடலில் பொருத்தும் மறுசத்திரசிகிச்சை பற்றிப் பேசுவார்கள்.

கேள்வி: தையல் போட்ட இடத்தில் மட்டுமன்றி ஈரலுக்குள்ளேயும் பல இடங்களில் ஒடுங்கியிருப்பதாக என் அண்ணாவின் அறிக்கையில் உள்ளது. அதற்கும் இதே சிகிச்சைதானா?
— வாசகர், மாங்குளம்

பதில்: தொடக்கம் அதேதான், எதிர்பார்ப்பு அதே அளவன்று. பல இடங்களில், நீளமாக, ஈரலுக்குள்ளே வரும் ஒடுக்கங்களுக்குப் பெரும்பாலும் குருதி ஓட்டக் குறைவே காரணம்; ஈரல்நாடியில் குருதி உறைந்திருக்கிறதா என்பதே முதற்கேள்வி. பலூனாலும் ஸ்டென்ட்டாலும் இவர்களில் அரைப்பங்கு முதல் முக்கால் பங்கு வரையானோருக்குப் பயன் கிடைக்கிறது, அதற்கும் அதிக காலம் தேவைப்படுகிறது. சிலருக்கு மறுபடியும் ஈரல் மாற்ற வேண்டிய நிலை வரும். இதை அண்ணாவின் வைத்தியரிடம் ஒளிவின்றிக் கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு. கேட்டால் மனம் உடைந்துவிடுவார் என்று அண்ணாவிடமிருந்து மறைப்பதை மட்டும் நான் ஏற்க மாட்டேன், ஏனெனில் அடுத்த திகதிக்குப் போக வேண்டியவர் அவரே.

கேள்வி: ஓராண்டின் பின் எல்லா ஸ்டென்ட்களையும் எடுத்துவிட்டார்கள். இனிக் கிளினிக் போகத் தேவையில்லை அல்லவா? ஈரல் கொடுத்த என் தங்கைக்கும் இப்படி ஒடுக்கம் வருமா?
— வாசகர், முல்லைத்தீவு

பதில்: போகவே வேண்டும். எடுத்தபின் 100க்கு 10 முதல் 20 பேருக்கு ஒடுக்கம் திரும்பலாம். பெரும்பாலும் முதல் ஆண்டிலேயே. திரும்பினாலும் இதே முறையில் மறுபடி சிகிச்சை செய்யலாம், அதற்கும் நல்ல பலன் உண்டு. ஆனால் நொதியங்கள் ஏறத் தொடங்கியபோதே கண்டால்தான் அது இலகு. முதல் மாதங்களில் குருதிப் பரிசோதனையை இடைவெளி கூட்டாமல் செய்துகொள்ளுங்கள்.

தங்கைக்கு வரும் வாய்ப்பு உங்களுடையதைவிட மிகக் குறைவு. அவருடைய கான் அவருடைய உடலிலேயே, தன் குருதியோட்டத்தோடு இருக்கிறது. கொடுத்தவர்களில் சிலருக்கு வெட்டிய இடத்தில் பித்தக் கசிவும், அரிதாகப் பின்னர் ஒடுக்கமும் ஏற்படுகின்றன. ஆகவே அவருக்கும் ஆண்டுக்கொரு முறை ஈரல் நொதியப் பரிசோதனை செய்ய வேண்டும். நீங்கள் கிளினிக் போகும் நாளிலேயே அவரையும் கூட்டிச்சென்று குருதி கொடுக்கச் செய்யலாம்.